கல்யாணத்துக்கு முன்பு காலுக்கு லேசர் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் எட்டு வருடமாக வேலை. நாலு வருடமாக இடது காலில், முட்டிக்குக் கீழே உள்பக்கமாக நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்து நிற்கிறது. சாயங்காலம் ஆனால் கால் கல்லாகக் கனக்கிறது; ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. போன வருடத்திலிருந்து கணுக்காலுக்கு மேலே ஓர் இடம் பழுப்பாகி அரிக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த நரம்பு மாத்திரையை ஒரு வருடம் சாப்பிட்டும் பலன் இல்லை. டாப்ளர் ஸ்கேன் அறிக்கையை இணைத்திருக்கிறேன். ஒரு டாக்டர் உடனே லேசர் என்கிறார். இன்னொருவர் தொடையில் கீறி நரம்பையே உருவி எடுக்க வேண்டும் என்கிறார். ஏழு மாதத்தில் கல்யாணம். குழந்தை பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் பெரியம்மா. நரம்பை எடுத்தால் ரத்த ஓட்டம் குறையுமா? கால் மரத்துப்போகுமா? இந்த வயதில் செய்தால் திரும்ப வருமா? அம்மாவுக்கும் இதே தொந்தரவுதான். அவர் காலில் ஆறாத புண் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கலை’ என்கிறோமே, அந்த நரம்பு உண்மையில் சிரை, அதாவது அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். தொடு உணர்வையும் வலியையும் கடத்துகிற நரம்பு வேறு. பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், ‘நரம்பு சுருட்டு’ என்று கேட்டதும் பி12 கலந்த மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. அது சிரையின் வால்வை ஒன்றும் செய்யாது. மாத்திரைக்குப் போன பணத்தை விட, அதை நம்பிக் கழிந்த ஒரு வருடம்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பழுப்புத் தழும்பு வந்ததும் அந்த வருடத்தில்தான்.

உங்கள் காலில் நடப்பது இதுதான். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற, கெண்டைக்கால் சதை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கித் தள்ளுகிறது. தள்ளியது திரும்ப இறங்காமல் இருக்க, சிரைக்குள்ளே ஒருபக்கம் மட்டும் திறக்கும் வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். நடக்கத் தொடங்கினால் நல்ல காலில் அது 30க்குக் கீழே இறங்கும். வால்வு பழுதான காலில் நடந்தாலும் அவ்வளவாக இறங்குவதில்லை. மாதக்கணக்கில் அந்த அழுத்தம் நீடித்தால், சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து தோலுக்குள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து அங்கேயே படியும். நீங்கள் பார்க்கும் பழுப்பு நிறம் அந்த இரும்பு. அரிப்பும் அதன் தொடர்ச்சி. அதற்கு மருந்துக்கடை ஸ்டீராய்டு களிம்பைத் தடவிக்கொண்டே இருக்காதீர்கள். தோல் மெலிந்து, ஒரு சின்னக் கீறல்கூடப் புண்ணாகும். குளித்ததும் வேசலினோ தேங்காய் எண்ணெயோ போதும்.

இனி அறிக்கை. மூன்று வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘இடது எஸ்.எஃப்.ஜே. பழுது, பின்னோட்டம் 2.8 விநாடி’ என்பது முதல் வரி. கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை வழியாக இடுப்பு மடிப்பு வரை தோலுக்கடியில் ஓடும் நீளமான சிரை ஒன்று இருக்கிறது, அறிக்கையில் ஜி.எஸ்.வி. என்று இருப்பது அதுதான். அது ஆழத்தில் ஓடும் பெரிய சிரையோடு சேரும் வாய்தான் எஸ்.எஃப்.ஜே. மேல்மட்டச் சிரைகளில் ரத்தம் 0.5 விநாடிக்கு மேல் பின்னால் ஓடினாலே பழுது என்று கணக்கு. உங்களுக்கு 2.8. சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டாவது வரி, தொடையில் அந்தச் சிரையின் அகலம் 8 மி.மீ. என்பது; சிரை வீங்கியிருக்கிறது. மூன்றாவது வரிதான் என்னை நிம்மதிப்படுத்தியது: ‘ஆழ்சிரைகள் முழுதும் அமுங்குகின்றன, இடுப்பு மடிப்பில் ஓட்டம் மூச்சுக்கேற்ப ஏறி இறங்குகிறது.’ கருவியால் அழுத்தும்போது அமுங்குகிற சிரைக்குள் ரத்தக்கட்டு இல்லை, மூச்சுக்கேற்ப ஓட்டம் மாறினால் மேலே அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு என்று அர்த்தம். இளவயதில், அதுவும் இடது காலில் மட்டும் வரும்போது இந்த வரியை நான் முதலில் தேடுவேன். இடுப்புக்குள் வலது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, இடது கால் சிரையின் மேலே குறுக்காகப் போகிறது. சிலருக்கு அது சிரையை அமுக்கிவிடும். பழைய ரத்தக்கட்டு இருந்து ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மேல்மட்டச் சிரைதான் மாற்றுப்பாதையாக வேலை செய்துகொண்டிருக்கும். அதைப் போய் அடைப்பது ஆபத்து. சிறுவயது முதலே ஒரு காலில் சிவப்பு மச்சம், கால் பெருத்திருத்தல், வெளிப்பக்கமாகப் புடைத்த சிரை மூன்றும் சேர்ந்து இருப்பவர்களும் வேறு வகை. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

அறிக்கையில் ஒரு குறை உண்டு. நிற்கவைத்து எடுத்த ஸ்கேனா என்று எழுதவில்லை. படுக்கவைத்துப் பார்த்தால் பின்னோட்டம் குறைத்துக் காட்டும், சிரையின் அகலமும் சுருங்கித் தெரியும். நோயாளி நின்று, எடையை மறு காலில் போட்டு, பார்க்க வேண்டிய காலைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி மடக்க வேண்டும். ஸ்கேன் செய்பவர் கெண்டைக்காலை அமுக்கிச் சட்டென விட்டு, திரையில் ரத்தம் எவ்வளவு நேரம் கீழே ஓடுகிறது என்று அளக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் அறுவை மருத்துவரே ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுவது நல்லது. அறிக்கையில் மூன்று ‘பெர்ஃபரேட்டர்’ பழுது என்றும் இருக்கிறது. மேல்சிரையையும் ஆழ்சிரையையும் இணைக்கும் குறுக்குக் குழாய்கள் அவை. புண் இல்லாத காலில் அவற்றைத் தேடித் தேடி அடைக்க வேண்டியதில்லை. பிரதானக் கசிவை அடைத்தால் பல தாமாகவே சரியாகிவிடும். மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் போட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கெண்டைக்காலில் சுருண்டு நிற்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். மடையை அடைக்காமல் வயலில் தேங்கிய தண்ணீரை இறைப்பது போலத்தான் அது. மடை உங்களுக்கு இடுப்பு மடிப்பில் இருக்கிறது. லேசரானாலும் கத்தியானாலும் முதல் வேலை அங்கேதான்.

பெரியம்மா சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, கருப்பை இடுப்புச் சிரைகளை அமுக்குகிறது. ஆகவே சிரைகள் புடைக்கும், பிரசவத்துக்குப் பின் ஓரளவு வற்றும். வெறும் புடைப்பு மட்டும் இருந்து, ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்றிருந்தால், சிரைக்கென்று விற்கும் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு காத்திருங்கள் என்று நானும் சொல்வேன். உங்கள் நிலை அதைத் தாண்டிவிட்டது. சிரை நோயை உலகெங்கும் சி0 முதல் சி6 வரை தரம் பிரிக்கிறோம். 3 மி.மீ.க்கு மேல் புடைத்த சிரை சி2, வீக்கம் சி3, தோல் நிறம் மாறினால் சி4, ஆறிய புண் சி5, ஆறாத புண் சி6. 27 வயதில் நீங்கள் சி4இல் நிற்கிறீர்கள்; வீட்டில் சி6 கண்ணெதிரே இருக்கிறது. ஒன்றிரண்டு கர்ப்பங்களை இந்தக் கால் தாங்கட்டும் என்று விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. கர்ப்பமான பிறகு சிகிச்சை செய்ய மாட்டோம், பிரசவத்துக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும், பிறகு கைக்குழந்தை. கணக்குப் போட்டால் மூன்று வருடம் போய்விடும். அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் செய்துகொண்டால், சிகிச்சையால் வரும் நீலத் தழும்புகள் கல்யாணத்துக்குள் மறைந்துவிடும். கருத்தரிப்பதற்கு முன் மூன்று மாத இடைவெளியும் கிடைக்கும்.

லேசரா, உருவி எடுப்பதா? இரண்டு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் 798 பேரிடம் ஃபோம் ஊசி (நுரை மருந்தைச் சிரைக்குள் செலுத்தி அடைப்பது), லேசர், அறுவை மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வெளியானது. லேசரும் அறுவையும் வாழ்க்கைத் தரத்தில் ஃபோமை விட நல்ல பலன் தந்தன. உருவி எடுக்கும் முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. முதுகில் மரப்பு ஊசி போட்டு, இடுப்பு மடிப்பில் மூன்று நான்கு செ.மீ. கீறி, எஸ்.எஃப்.ஜே.யை அதன் கிளைகளோடு கட்டி, சிரையை முட்டிக்குச் சற்றுக் கீழ் வரை உருவுவார்கள். ஒன்றிரண்டு நாள் தங்க வேண்டும். தொடை முழுக்க நீலம் பாரிக்கும். சிரை பாம்பாக வளைந்து லேசர் இழை ஏறாது என்றால், அல்லது தோலை ஒட்டி ஓடி சூடு தோலைச் சுடும் என்றால் இன்றும் இதுதான் வழி. உங்கள் சிரை தொடையில் நேராக, தோலிலிருந்து ஒன்றரை செ.மீ. ஆழத்தில் ஓடுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் லேசர் போலச் சிரையைச் சூட்டால் அடைக்கும் முறையை முதலிலும், ஃபோமை அடுத்தும், அறுவையைக் கடைசியிலும் வைக்கிறது. உங்களுக்கு நான் லேசரையே சொல்வேன். ரேடியோ அலை என்று வேறொரு கருவி சொன்னாலும் தயங்க வேண்டாம். அது 120 டிகிரியில் ஏழு செ.மீ. துண்டு துண்டாகச் சுட்டுக்கொண்டு வரும், பலன் ஏறத்தாழ ஒன்றே. பசை வைத்து ஒட்டும் முறையில் அந்தப் பசை உடலுக்குள்ளேயே தங்கும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். இன்னும் ஐம்பது வருடம் வாழ வேண்டிய காலுக்கு முதல் தேர்வாக நான் அதைச் சொல்வதில்லை.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். நிற்கவைத்து, புடைத்த சிரைகள் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். இதைத் தவறவிடக் கூடாது. படுத்தவுடன் சிரை வற்றிவிடும், எங்கே இருந்தது என்று கைக்குத் தெரியாது. ‘இங்கேயும் ஒன்று இருக்கிறது’ என்று நீங்களே காட்டலாம். பிறகு முட்டியருகே ஓர் ஊசித்துளை வழியாக, ஸ்கேனில் பார்த்தபடி லேசர் இழையை ஏற்றி, நுனியை எஸ்.எஃப்.ஜே.க்கு இரண்டு செ.மீ. கீழே நிறுத்துவார்கள். அதற்கு மேலே போனால் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு உண்டாகலாம். ரொம்பவும் கீழே நின்றால் மேலே ஒரு மொட்டைத் துண்டு மிஞ்சி, அதிலிருந்து புதுக் கிளை கிளம்பும்.

அடுத்ததுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். குளிரவைத்த சலைனில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து, சிரையைச் சுற்றி உறை போலச் செலுத்துவார்கள், செ.மீ.க்குச் சுமார் பத்து மில்லி. 35 செ.மீ. தொடைச் சிரைக்கு 350 மில்லி ஆகும். இது மரத்துப்போக மட்டும் அல்ல. சிரையை இழையின் மேல் அமுக்கி ரத்தத்தை வெளியேற்றும், தோலை ஒரு செ.மீ. தள்ளிவைக்கும், சூட்டை உறிஞ்சும். தோல் சுடுவதும், உள்ளே சரியாக ஒட்டாமல் சிரை மீண்டும் திறப்பதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டும் இடத்தில்தான். பிறகு 1470 நானோமீட்டர் லேசரை ஏழு வாட்டில் வைத்து, விநாடிக்கு ஒரு மி.மீ. என்று இழையைப் பின்னுக்கு இழுத்தால் செ.மீ.க்கு 70 ஜூல் கிடைக்கும். 60 முதல் 80 வரை சரியான அளவு. முட்டிக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட வேண்டும். கெண்டைக்காலில் உணர்வு நரம்பு ஒன்று சிரையை ஒட்டியே ஓடுகிறது. நீங்கள் பயப்படும் மரத்துப்போதல் அங்கே சுட்டால்தான் பெரும்பாலும் வரும். வந்தாலும் கணுக்காலின் உள்பக்கத்தில் ஓர் உள்ளங்கை அகலம், நடையை அது பாதிக்காது. கெண்டைக்காலில் கோடு போட்ட சுருள்களை 2 மி.மீ. துளைகள் வழியாகக் கொக்கியால் இழுத்து எடுத்துவிடுவார்கள். தையல் தேவைப்படாது. மொத்தம் ஒரு மணி நேரம். மேசையிலிருந்து இறங்கியதும் நடக்கவைப்பார்கள்; அன்று மாலையே வீடு.

இழை ஒருவருக்கு ஒன்றுதான். உறையைப் பிரிப்பதற்கு முன் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். காப்பீடு இருந்தால் எந்த முறைக்கு எவ்வளவு அனுமதி என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் காலுறை, தினம் மூன்று நான்கு தடவை கால் மணி நேர நடை. படுக்கையில் கிடப்பதுதான் தவறு. ஐந்தாம் நாளிலிருந்து தொடையின் உள்பக்கம் கயிறு போட்டு இழுப்பது போல இருக்கும். கையால் தடவினால் கெட்டியான கம்பி போலத் தட்டும். மூடிய சிரை சுருங்குகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். கெண்டைக்கால் திடீரென வீங்கி இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆழ்சிரையில் ரத்தக்கட்டு நூறில் ஒருவருக்கும் குறைவாகவே வரும், ஆனால் வந்தால் காத்திராது. ஒரு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நான்கு வாரத்துக்கு ராத்திரி பஸ் பயணம் வேண்டாம். கடையில் நின்று விற்கப் பத்து நாள் கழித்துப் போகலாம். இன்னொன்று முக்கியம்: முகூர்த்தத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையோ, கருத்தடை மாத்திரையோ எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள். ரத்தம் உறையும் வாய்ப்பை அவை கூட்டும்.

ரத்த ஓட்டம் குறையாது. காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. மீதி ஒரு பங்கைக்கூடக் கெட்ட சிரை மேலே கொண்டுபோகவில்லை, கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு இதய பைபாஸுக்கு இந்தச் சிரை வேண்டியிருக்குமே என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். இப்படி வீங்கிப் பழுதான சிரையை இதய மருத்துவர் எடுக்க மாட்டார். உங்கள் வலது கால் சிரை நன்றாக இருக்கிறது.

திரும்ப வருமா என்பதற்கு உண்மையான பதில், வரலாம். எந்த முறையில் செய்தாலும் ஐந்து வருடத்தில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஏதாவது ஒரு புதுக் கிளை புடைக்கிறது. அடைத்த சிரை மட்டுமே அதற்குக் காரணமல்ல, சிரைச் சுவரின் பலவீனம் பிறவியோடு வந்தது. பிரான்சில் 134 குடும்பங்களில் செய்த ஆய்வில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் மகள்களில் நூற்றுக்கு 62 பேருக்கும் மகன்களில் 25 பேருக்கும் வந்திருந்தது. இருவருக்கும் இருந்தால் 90. அப்படி வரும் கிளைகளுக்குப் பெரும்பாலும் ஃபோம் ஊசி போதும். இப்போது செய்வதை ஒரு தடவையோடு தீர்கிற வேலையாக நினைக்காமல், வருடம் ஒருமுறை காலைக் காட்டிக்கொள்ளுங்கள்.

நிற்கும் வேலை நோயை உண்டாக்கியிருக்காது, வேகப்படுத்தியிருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்த்த திருத்தத்தின்படி ஊழியர்களுக்கு இருக்கை தந்தே ஆக வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை. நிற்கும்போது அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பக்கத்தில் நிற்கும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். சிகிச்சைக்கு முன்பும் கர்ப்ப காலத்திலும் கிளாஸ் 2 (நடுத்தர இறுக்கம்) காலுறை, முட்டிவரை உள்ளது போதும். காலையில் வீக்கம் ஏறுமுன் கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை உயரம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும். குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். விளிம்பைச் சுருட்டிவிட்டால் அது கயிறாகி இறுக்கும். ஆறு மாதத்தில் இழுவிசை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும்.

அம்மாவையும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் புண்ணுக்கு மேலே உள்ள சிரைக்கும் ஸ்கேன் வேண்டும். பாதத்தில் நாடி துடிக்கிறதா, சர்க்கரை உண்டா என்று பார்த்த பிறகுதான் இறுக்கக் கட்டு போடலாம். புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்ப்போம் என்று தள்ளிவைத்தால் ஒப்பாதீர்கள். 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கட்டோடு சிரையையும் சீக்கிரமே அடைத்தவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளுக்குள் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு அதற்கு 82 நாள் ஆனது. அவர் காலிலோ உங்கள் காலிலோ புடைத்த சிரை கிழிந்து ரத்தம் பீய்ச்சினால், உட்காரவோ நடக்கவோ வேண்டாம். உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியை வைத்து அந்த இடத்தில் மட்டும் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். முட்டிக்கு மேலே கயிறு கட்டக் கூடாது. மேலே போக வேண்டிய ரத்தமும் தடைபட்டு ஒழுக்கு அதிகமாகும்.